மேசைமேல் ஒன்று, சட்டையில் ஒன்று: விமானப்படைப் பெரியவர்களின் பேச்சைப் பதிய எது போதும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜூம் எச்1என் என்ற கையடக்க ரெக்கார்டர், போயா பிஒய்-எம்1 என்ற கம்பி காலர் மைக், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன், ஒரு பவானி ஜமுக்காளம். ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவரை அவர் வீட்டுத் திண்ணையிலோ ஆசாரத்திலோ உட்கார வைத்து இரண்டு மணி நேரப் பேச்சைப் பதிய இவ்வளவு போதும். இதற்குமேல் வாங்குவதெல்லாம் பதிபவரின் வசதிக்காக. குரல் அதனால் தெளிவாகிவிடாது.

தள்ளிப்போட நேரமும் இல்லை. 1963இல் வந்த மிக்-21 போர் விமானம், 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றுவிட்டது. 1971 டிசம்பரில் இருபது வயது ஏர்மேனாக (அதிகாரி அல்லாத விமானப்படை வீரராக) அதன் வயிற்றடியில் குனிந்து வேலை பார்த்தவருக்கு இன்று எழுபத்தைந்துக்கு ஒட்டிய வயது. 1965ஐப் பார்த்தவர்கள் எண்பதைத் தொட்டோ தாண்டியோ இருப்பார்கள். எந்த விமானப்படையிலும் ஓட்டுகிறவர்கள் சிலர், தரையில் நிற்பவர்கள் பலர். விமானிக்காவது பறந்த மணிக்கணக்கு எழுதிய லாக் புக் உண்டு. ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், எஞ்சின் ஃபிட்டர், ஆர்மமென்ட், ரேடியோ, எம்.டி. (படை வண்டி) டிரைவர் என்று பதினைந்து, இருபது வருடம் இருந்தவருக்கு மிஞ்சுவது டிஸ்சார்ஜ் புக்கும் சில போட்டோக்களும்தான். மீதியெல்லாம் வாய்ப்பேச்சில் மட்டுமே இருக்கிறது.

மேசைமேல் வைக்கும் ரெக்கார்டர்

எச்1என்னின் தலையில் இரண்டு மைக்குகள் ஒன்றையொன்று குறுக்கே பார்க்கிற மாதிரி 90 பாகையில் இருக்கும். இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும். நல்ல ஆல்கலைன் போட்டால் சுமார் 10 மணி நேரம் வரும் என்பது கம்பெனிக் கணக்கு. மைக்ரோ எஸ்டி கார்டு 32 ஜிபி வரைதான் ஏற்கும். கையில் இருக்கிறதே என்று 128 ஜிபி கார்டைக் கொண்டுபோய்ப் பேட்டி எடுக்கும் இடத்தில் முழிக்க வேண்டாம். அடியில் டிரைபாட் திருகு மரை உண்டு. டிரைபாட், காற்றைத் தடுக்கும் ஃபோம் உறை, அடாப்டர் எல்லாம் தனியாக விற்கும் துணைப்பொருள் பெட்டியில் வருபவை. மற்றதை விட்டாலும் ஃபோம் உறையைக் கட்டாயம் வாங்க வேண்டும். காரணம் ஃபேன்.

பதிவுக்கு வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உலக ஒலிக்காப்பகங்களின் சங்கம் நெடுநாள் சேமிப்புக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் இதுவே. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் ஆகும்; 32 ஜிபி கார்டில் முப்பது மணி நேரம் கொள்ளும். இடம் மிச்சம் என்று எம்பி3யில் பதிவது வீண் சிக்கனம். தெளிவில்லாத ஒரு சொல்லைப் பின்னால் பெருக்கிக் கேட்கும்போதுதான் அந்தச் சிக்கனத்தின் விலை தெரியும். கோப்பு 2 ஜிபியைத் தொட்டதும் கருவி தானாக அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். ஆகவே இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஒரு பேட்டி இரண்டு கோப்பாக இருந்தால் பதறத் தேவையில்லை, ஒன்றை மட்டும் நகலெடுத்துவிட்டுக் கிளம்பவும் கூடாது.

ஆட்டோ லெவல் என்ற பொத்தானை அணைத்து வைக்க வேண்டும். பேச்சு நின்றவுடன் அது சத்தத்தைத் தேடிக் கூட்டும். பெரியவர் யோசிக்கும் பத்து நொடியில் ஃபேன் இரைச்சல் மெல்ல மேலேறி, அவர் வாய் திறந்ததும் தடாலென்று இறங்கும். எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. திடீர் உச்சச் சத்தத்தை அடக்கும் லிமிட்டரைப் போட்டுக்கொள்ளலாம். முகப்பில் உள்ள திருகியை, அவர் சாதாரணமாகப் பேசும்போது அளவுமானி மைனஸ் 12 டெசிபலை ஒட்டி ஆடும்படி வைத்துவிட்டு அப்புறம் தொடவே கூடாது. அளவு பார்க்க "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லச் சொன்னால் மெதுவாகச் சொல்வார். பேர், ரேங்க், டிரேட் (பார்த்த தொழில்) கேளுங்கள். ஐம்பது வருடம் கழிந்தும் அணிவகுப்புக் குரலில்தான் வரும், சர்வீஸ் நம்பரும் கேட்காமலே சேர்ந்து வரும். அந்த உச்சத்துக்கு அளவு வைத்தால் பிறகு எதுவும் உடையாது. சர்வீஸ் நம்பர் பென்ஷன் தாள்களிலும் உள்ள எண் என்பதால் அதை வெளியே விடும் பிரதியில் வெட்டிவிட வேண்டும்.

தூரம் 30 முதல் 45 சென்டிமீட்டர். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், அறைச் சத்தம் இருந்தபடியே இருக்கும். இந்த ஒரு கணக்கு எல்லாக் கருவியையும்விட முக்கியம். டிரைபாட்டின் கீழே துண்டை நான்காக மடித்து வைக்கவும். அதே மேசையில் எவர்சில்வர் டம்ளர் வைத்தால் பதிவில் துப்பாக்கி வெடிக்கிற சத்தம் வரும். காப்பி வேண்டாம் என்று நம் பக்கத்தில் எந்த வீட்டிலும் சொல்லித் தப்ப முடியாது. குடித்து முடித்து டம்ளர் உள்ளே போனபின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போயிற்று.

ஃபேன் வேறு விவகாரம். சித்திரை வெயிலில் எண்பது வயதுக்காரருக்கு ஃபேனை அணைப்பது பாவம். ஃபேன் இரண்டு விதமாகக் கெடுக்கும்: ஒன்று இரைச்சல், இன்னொன்று மைக்கின் மேல் நேராக அடிக்கும் காற்று. இரைச்சலையாவது ஓரளவு குறைக்கலாம். காற்று அடித்து வரும் "பொதபொத" சத்தம் குரலின் அடித்தளத்தையே தின்றுவிடும். ஆகவே மைக் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கக் கூடாது, ஃபோம் உறை இல்லாமலும் இருக்கக் கூடாது. கீழ் அதிர்வை வெட்டும் லோ கட் வசதியையும் போட்டுக்கொள்ளலாம். முடிந்தால் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் அரை அரை மணி நேரமாக எடுத்து, இடையில் ஃபேனைப் போட்டு ஆற விடுவது நல்லது. பிரிட்டனின் இம்பீரியல் வார் மியூசியம் 1972இலிருந்து போர்க்காரர்களின் பேச்சைச் சேர்த்து வருகிறது. டேப் காலத்தில் சுருள் சுருளாக எடுத்த அந்தப் பேட்டிகளும் ஏறக்குறைய அரை மணித் துண்டுகள்தான். டேப் போய்விட்டாலும் அரை மணி என்பது வயதானவரின் தொண்டைக்குப் பொருந்தும் அளவு.

மற்ற சத்தங்கள் ஊருக்கு ஊர் வேறு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்குப் பத்து வீடு தள்ளி இருந்தாலும் தட்டல் சுவர் வழியாக வரும். அது விட்டுவிட்டு அடிக்கிற சத்தம் என்பதால் மென்பொருளில் இழைத்து எடுக்க முடியாது. தறி நிற்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போவதே வழி. தோட்டத்து வீட்டில் மயில், போர் மோட்டார். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி. கிரானைட் தரையும் வெறும் சுவரும் உள்ள புது மாடி வீடுகள் எதிரொலியில் பழைய ஓட்டு வீட்டைவிட மோசம். அங்கேதான் ஜமுக்காளம் வேலை செய்யும். மேசைக்கும் நாற்காலிக்கும் அடியில் ஒன்று, பெரியவர் முகம் பார்க்கும் சுவரில் கொடிக்கயிற்றில் ஒன்று. முதுகுப்பக்கச் சுவரில் தொங்கவிடுவது பெரும்பாலும் வீண். குரல் முன்னால்தான் போய் அடித்துத் திரும்பும். ஜமுக்காளம் இல்லாவிட்டால் சென்னிமலைப் போர்வை இரண்டை மடித்துப் போடலாம்.

சூலூரைச் சுற்றி எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே விமானப்படைத் தளத்தில் தேஜஸ் போர் விமானங்கள் பறக்கும். தலைக்கு மேல் போனால் ஒரு நிமிடம் எதுவும் கேட்காது. பதிவை நிறுத்தாதீர்கள். பெரியவர் பேச்சை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார், சத்தத்தை வைத்தே ஏதாவது சொல்வார், அங்கிருந்து தன் காலத்து நேட்டுக்கோ ஹன்டருக்கோ தாவுவார். பேட்டியின் நல்ல பகுதி அதிலிருந்து தொடங்குவது உண்டு.

சட்டையில் குத்தும் மைக்

பிஒய்-எம்1 ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் பொருள். 6 மீட்டர் வயர், எல்லாப் பக்கமும் சமமாகக் கேட்கும் சின்ன மைக், நடுவில் எல்ஆர்44 பொத்தான் பேட்டரி போடும் பெட்டி. அந்தப் பெட்டியில் உள்ள சுவிட்ச்தான் பாதித் தவறுகளுக்குக் காரணம். போனில் செருகினால் சுவிட்ச் ஸ்மார்ட்போன் பக்கம், பேட்டரி தேவையில்லை. கேமரா, ரெக்கார்டர் என்றால் மறுபக்கம், பேட்டரி வேண்டும். மாற்றி வைத்தால் சத்தம் வராது, அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். மறுபக்கத்திலேயே விட்டுவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் இரண்டு எல்ஆர்44 வாங்கிப் பையில் போட்டு வைப்பது நல்லது.

இதை எச்1என்னிலேயே செருகலாமே என்று தோன்றும். செருகலாம், ஆனால் செருகியவுடன் ரெக்கார்டரின் சொந்த மைக்குகள் அணைந்துவிடும். கேள்வி கேட்பவர் குரல் தூரத்தில் முனகலாகும். அதைவிடப் பெரிய நட்டம், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கார அம்மாவின் குரல். "ஏனுங்க, அது அறுவத்தஞ்சுல இல்லீங்க. பெரியவன் தொட்டில்ல கெடக்கறப்பத்தான் ஆதம்பூர் போனோம்" என்று திருத்துகிறவர் அவர்தான். போஸ்டிங் தேதிகளை அவர் பிள்ளைகள் பிறப்பிலும் ரயில் பயணத்திலும் கட்டி வைத்திருப்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும். ஆகவே எச்1என் தன் இரண்டு மைக்கோடு மேசைமேல் அறை முழுவதையும் கேட்கட்டும். காலர் மைக் போனுக்குப் போய்ப் பெரியவரின் குரலை மட்டும் நெருக்கமாக எடுக்கட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பதிவு. ஒன்று கெட்டால் இன்னொன்று நிற்கும். இந்தக் கருவித் தொகுப்பைச் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணமே இதுதான்.

போனைப் ஃபிளைட் மோடில் போடவும். அழைப்பு வந்தால் சில செயலிகளில் பதிவு நின்றுவிடும், தவிர மைக் வயர் அருகே போன் சிக்னல் "டிர்டிர்" என்று புகும். 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாத புதுப் போனுக்கு யூஎஸ்பி-சி மாற்றி வேண்டும். மைக்கை ஏற்கும் மாற்றிதானா என்று கடையிலேயே பேசிப் பார்த்து வாங்கவும். பாட்டு கேட்க மட்டும் பயன்படும் மாற்றிகளும் விற்கின்றன. வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலி ஏதாவது ஒன்று போதும்.

குத்தும் இடம் தாடைக்குக் கீழே ஒரு சாண். கஞ்சி போட்ட சட்டை தலையசைக்கும்போதெல்லாம் உரசும். தோளில் போட்ட துண்டு அதைவிட மோசம்; "துண்டை மடியில வெச்சுக்கலாமுங்களா" என்று தயங்காமல் கேட்கலாம். ருத்ராட்சம், சங்கிலி, பையில் பேனா மூன்றையும் கவனிக்கவும். வயரை ஒரு சின்ன வளையமாகச் சுற்றி மைக்குக்குக் கீழே கிளிப்போடு பிடித்துவிட்டால் இழுப்புச் சத்தம் வராது. மீதி வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டவும். பெரியவர் ஒரு போட்டோவை எடுக்க திடீரென்று எழுவார். வயர் இழுத்துப் போன் விழும், இல்லை அவரே தடுக்கி விழுவார். ஆல்பம், பதக்கம், டிஸ்சார்ஜ் புக் எல்லாம் தொடங்குமுன்னே கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட வேண்டும்.

வயர்லெஸ் காலர் மைக் செட் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எழுந்து டிரங்குப் பெட்டி வரை நடப்பவரிடம் அது உண்மையிலேயே உதவும். ஆனால் அனுப்பும் பெட்டி, வாங்கும் பெட்டி, கூட ஒரு ரெக்கார்டர் அல்லது கேமரா என்று ஒவ்வொன்றுக்கும் சார்ஜ் கணக்கு வைக்க வேண்டும். பெரும்பாலான செட்டுகள் வீட்டு வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகின்றன. இருபது ஊரில் நாற்பது பேரைப் பதியப் போகிற குழுவுக்குச் சரி. தன் அப்பாருவையோ அப்புச்சியையோ பதிய நினைக்கும் பேரனுக்கு வேண்டாம்.

எச்1என்னின் தம்பியான எச்1எசென்ஷியல் 32 பிட் ஃப்ளோட்டில் பதியும். அதில் அளவுத் திருகி கிடையாது. கூச்சலும் முணுமுணுப்பும் இரண்டும் உடையாமல் ஏறும். முதல்முறை பதிகிறவருக்கு அது பெரிய நிம்மதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்குகிறவர் அதையே வாங்கலாம். கோப்பு ஒரு மணிக்கு 1.4 ஜிபியை ஒட்டி வரும்; அதை 24 பிட்டாக மாற்றித்தான் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும், சில போன்களில் நேரடியாக ஓடாது. ஃபேன் காற்றையும் தூரத்தையும் எந்த 32 பிட்டும் சரிசெய்யாது.

கருவிக்கு அப்பால்

உட்கார்ந்ததும் ஒருமுறை கையைத் தட்டுங்கள். அந்தத் தட்டல் இரண்டு பதிவிலும் ஊசிமுனைபோல் நிற்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டையும் அதை வைத்துப் பொருத்தலாம். இரண்டு கருவிகளின் கடிகாரமும் சற்றே முன்பின் ஓடுவதால் ஒவ்வொரு அரை மணித் துண்டின் தொடக்கத்திலும் தட்ட வேண்டும். யாரும் பேசாமல் முப்பது நொடி அறைச் சத்தத்தை மட்டும் பதிந்து வைத்தால் பிற்பாடு இரைச்சலைக் குறைக்க மாதிரி கிடைக்கும். தேதி, ஊர், பேசுபவர், கேட்பவர் பெயரை வாயால் சொல்லிப் பதியவும். பேட்டரி இல்லாமல் நெடுநாள் கிடந்த ரெக்கார்டரில் தேதி தப்பாக இருக்கும், கோப்பின் தேதியை நம்ப முடியாது. பவர் பேங்க்கில் ஓட்டுவோர் வீட்டில் ஒரு மணி நேரம் சோதித்துவிட்டுக் கொண்டுபோகவும். ரெக்கார்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்க்குகள் எதுவும் செருகவில்லை என்று நினைத்து அணைந்துவிடும்.

காது விஷயம். ஜெட் எஞ்சின் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்ற காதில் முதலில் போவது உயர்ந்த அதிர்வுகள். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. "ச"வும் "த"வும் ஒன்றாகப்படும். கத்தினால் பயனில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்து, வாய் தெரியும்படி, குரலைத் தாழ்த்தி மெதுவாகக் கேட்க வேண்டும். கேள்விகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு முந்தின நாளே கொடுத்துவிட்டால் பாதிச் சிரமம் குறையும். காதுக்கருவி விசிலடித்தால் கையைக் காதருகே கொண்டுபோகாமல் இருக்கச் சொல்லலாம்.

"போர்ல எப்படி இருந்ததுங்க?" என்ற கேள்விக்கு, "என்னத்தைங்க சொல்றது, போனோம், இருந்தோம், வந்தோம்" என்பதுதான் பதில். கேள்வி அவர் கைக்குப் பழகிய வேலையில் தொடங்க வேண்டும். காலையில் டெய்லி இன்ஸ்பெக்‌ஷன் (டிஐ) எத்தனை மணிக்கு, விமானப் பராமரிப்புப் பதிவேடான எஃப்-700இல் யார் யார் கையெழுத்து, விமானம் நிற்கும் டார்மாக் தரையின் சூட்டில் எந்தச் செருப்பு, பாக்கெட் என்ற சரக்கு விமானத்தின் முதுகில் கூடுதலாக ஏற்றிய ஜெட் எஞ்சினை அவர் பார்த்திருக்கிறாரா. 1971 என்றால் பொதுவாகக் கேட்காமல், டிசம்பர் 3 வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். பாகிஸ்தான் விமானங்கள் மேற்கு எல்லைத் தளங்களைத் தாக்கிய நேரம் அது. எங்கே நின்றோம் என்பதை யாரும் மறப்பதில்லை.

பதக்க ரிப்பன்களை நிமிர்த்திக் கேட்பது இன்னும் உறுதியான வழி. பூர்வி ஸ்டார் இருந்தால் 1971இல் கிழக்குப் பக்கம், பஷ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு. சமர் சேவா ஸ்டார் 1965 போர்க்களப் பகுதியைக் காட்டும். நினைவில் கிழக்கும் மேற்கும் குழம்பினால் ரிப்பன் தீர்த்து வைக்கும். ஃபிளைட் சார்ஜென்ட் என்று சொன்னால் இன்றைய ஜூனியர் வாரண்ட் ஆபீசருக்குப் பழைய பெயர் அது என்று குறிப்பில் எழுதிக்கொள்ளவும். பதக்கங்களைக் கையில் வைத்து ஆட்டினால் மைக்கில் மணியோசை கேட்கும். தட்டில் துணி விரித்துக் காட்டச் சொல்வது நல்லது.

கேட்பவர் யார் என்பதும் பதிவை மாற்றும். பேரன் கேட்டால் வேடிக்கைக் கதைகள் வரும், வேலை விவரம் வராது. பழைய சகா கேட்டால் "அதான், நம்ம அந்த விஷயம்" என்று இருவருக்கும் புரிந்துவிடும், கேட்கிற நமக்குப் புரியாது. விஷயம் தெரிந்த வெளியாள் கேட்பதும், பேரன் கூட உட்கார்ந்திருப்பதும் நல்ல சேர்க்கை. விபத்தில் போன நண்பர் பேர் வந்து குரல் அடைத்தால் பதிவை அணைக்கக் கை நீட்டாதீர்கள். அந்த அசைவே பேச்சை முடித்துவிடும். தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். நிறுத்தச் சொல்ல வேண்டியது அவர்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. 1923ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டம் ஓய்வுபெற்றவரையும் விடாது. இன்றும் ஓடும் விமானம், ரேடார், அலைவரிசை, தளத்தின் உள்ளமைப்பு பக்கம் போக வேண்டாம். அவரே போனால், அந்தத் துண்டைக் குறித்துக்கொண்டு வெளிவிடும் பிரதியில் நீக்கவும். 1987 ஜூன் 4 யாழ்ப்பாணத்தின் மேல் ஏஎன்-32 சரக்கு விமானங்கள் உணவுப் பொருள் போட்டதையும் அதன்பின் அமைதிப்படைக் காலத்தையும் பற்றித் தமிழ் ஏர்மேன்கள் பேசத் தயங்குவார்கள். பத்து வருடம் கழித்து வெளியிடலாம், நான் போனபின் வெளியிடலாம் என்ற தேர்வுகள் ஒப்புதல் தாளில் இருந்தால் பேச்சு திறக்கும். அந்தத் தாள் ஒரே பக்கமாகத் தமிழில் இருக்கட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவின் ஆசிரியர் என்பது அதைத் தயாரித்தவர்தான். பேசியவருக்கு என்ன உரிமை, யாரிடம் பிரதி, யார் வெளியிடலாம் என்பதை எழுதாமல் விட்டால் பின்னால் பிள்ளைகளுக்குள் வம்பாகும். கையெழுத்தைப் பேட்டி முடிந்தபின் வாங்கவும். என்ன பேசினோம் என்று தெரிந்த பிறகுதான் சம்மதத்துக்குப் பொருள்.

கல்யாண வீடியோ எடுப்பவரை அமர்த்திப் பெரியவரைப் படமெடுப்பது இப்போது கோவை, திருப்பூர் பக்கம் பரவி வருகிறது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பின்னணி இசை ஏறி, இரண்டு மணி நேரம் பன்னிரண்டு நிமிடமாகச் சுருங்கி, மூலப் பதிவு அடுத்த முகூர்த்தத்தில் கார்டோடு அழிந்துபோகும். அமர்த்தினால் வெட்டாத முழுப் பதிவையும் தருவதாக முன்பே எழுதி வாங்கவும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000இல் தொடங்கிய படைவீரர் வரலாற்றுத் திட்டம் முப்பது நிமிடத்துக்குக் குறைந்த பேட்டியை ஏற்பதில்லை, வெட்டித் தைத்ததையும் கேட்பதில்லை. தவிரவும், கேமராவைக் கண்டதும் பெரியவர் அட்டென்ஷனுக்குப் போய்விடுகிறார். கடைசிப் பத்து நிமிடம் மட்டும், ஒவ்வொரு போட்டோவாகக் கையில் பிடித்து யார் யார் என்று விரல் வைத்துச் சொல்வதைப் போனில் வீடியோ எடுத்தால் போதும். போட்டோவை அப்புறம் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யலாம். ஸ்கேனர் இல்லையென்றால் ஃபிளாஷ் போடாமல், திண்ணையின் நிழல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுக்கவும்.

வீட்டுக்கு வந்ததும் கார்டை அழிப்பதற்குமுன் மூன்று பிரதி: கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் அல்லது கிளவுடில் ஒன்று. கோப்புப் பெயர் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் தானாக அடுக்கி நிற்கும்.

எழுத்தாக்கம்தான் முதுகொடிக்கும் வேலை. 2022இல் வந்த, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருள் இலவசம், தமிழும் தெரியும். தெளிவான மேடைத்தமிழை ஓரளவு எழுதும். "டிஐ முடிச்சு எஃப்-700ல கையெழுத்துப் போட்டாத்தானுங்க பைலட் ஏறுவாரு" என்று கொங்குத் தமிழும் இங்கிலீஷும் நடுவில் பட்டாள இந்தியும் கலந்து வந்தால் தடுமாறும். ஸ்குவாட்ரன் எண்ணும் ஊர்ப்பெயரும் சிதையும், நீண்ட மௌனத்தில் சொல்லாததை எழுதும். முழு எழுத்தாக்கம் ஒரு மணிப் பேச்சுக்கு ஆறு மணி வேலை என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் போட்டு இரண்டு வரி பொருளடக்கம் எழுதினாலே பதிவு பயன்படும் பொருளாகிவிடும். பெயர், தளம், விமானம், வருடம் நான்கும் அதில் கட்டாயம்.

அந்தப் பொருளடக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, எம்பி3 பிரதி உள்ள பென் டிரைவோடு இரண்டு வாரம் கழித்து அதே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். டிவியில் செருகினால் பாடும். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்களைத் திருத்துவார், அம்மா ஊர்களைத் திருத்துவார், விட்டுப்போன இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். எச்1என்னும் புது ஏஏஏ பேட்டரி இரண்டும் அன்றைக்கும் பையில் இருக்கட்டும்.